வாசற் கட்டணமும் வழிச்செலவும்

ஊதியம் பெறாத தொண்டர்கள் கூடி நடத்தும் ஓர் அறிவு மாநாட்டுக்கு வருவோரிடம் கட்டணம் கேட்பது முறையாகுமா? இவ்வினாவை நம் ஆசிரியர் அறைகளில் எழுப்பினால் இரண்டு விடைகள் உடனே வரும். அறிவு பொதுச்சொத்து, அதன் வாசலில் உண்டியல் வைப்பவன் வணிகன் என்பது ஒன்று. மண்டபத்துக்கு வாடகை உண்டு, மின்சாரத்துக்குப் பட்டியல் வரும், மதியச் சோற்றுக்கு அரிசி வேண்டும், கொடாமல் உண்ண வருபவனே பிறர் உழைப்பைச் சுரண்டுபவன் என்பது மற்றது. முன்னதைச் சொல்வோர் பெரும்பாலும் இளைஞர். பின்னதைச் சொல்வோர் ஒரு முறையேனும் விழாக் குழுவொன்றிற் பொருளாளராயிருந்து கைப்பணத்தை இழந்தவர்கள். இருவர் கூற்றிலும் உண்மை உண்டு. ஆயினும் இருவரும் வாசலையே நோக்குகின்றனர். அவ்வாசல் வரை வரும் வழியை நோக்குவதில்லை. தீவகத்திற் பிறந்து தீவகத்திலேயே கற்பிக்கும் ஒருவனுக்கு அந்த வழி கண்ணிற் படாமலிருப்பது அரிது.

இங்கு நான் கருதுவது கணினித் தொழினுட்ப மாநாடுகளை. தமிழாசிரியனுக்கு அதிலென்ன அக்கறை என்று கேட்பாருக்கு ஒன்று கூறுவேன். தமிழ்க் கணிமையின் தொடக்கக் கூட்டங்களுக்கு முன்னின்றவர்களுள் ஒருவர் சிங்கப்பூரிற் சிறுகதை எழுதியும் ஆசிரியர்களுக்குக் கற்பித்தும் வாழ்ந்த நா. கோவிந்தசாமி. 1997 மே மாதம் சிங்கப்பூரிற் கூடிய தமிழ் இணைய மாநாட்டின் பின்னால் அவருடைய உழைப்பு இருந்தது. 1999 பெப்ரவரியில் அடுத்த மாநாடு சென்னையிற் கூடிற்று. அவ்வாண்டு மே மாதத்தில் அவர் காலமானார். 2000ஆம் ஆண்டில் மீண்டும் சிங்கப்பூரிற் கூடியபோது உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றமாகிய ‘உத்தமம்’ உருவாயிற்று. பின்னர் 2001இற் கோலாலம்பூர், 2002இற் கலிபோர்னியா, 2009இற் கொலோன், 2011இற் பிலடெல்பியா, 2012இற் சிதம்பரம், 2017இல் ரொறன்ரோ என அந்த மாநாடு ஊரூராகச் சென்றது. தத்தம் தொழிலுக்குப் பிந்திய ஓய்வு நேரத்தை ஈந்தவர்களே அவற்றைத் தாங்கினர். அவர்களுடைய தொண்டைக் குறைத்துக் கூற நான் புகவில்லை.

ஆயின் அங்குப் பேசப்பட்டவை வெறும் பேச்சல்ல. சென்னை மாநாட்டையொட்டித் தமிழ்நாடு அரசு ‘தமிழ் 99’ என்னும் விசைப்பலகையையும், ‘டாம்’, ‘டாப்’ என்னும் எழுத்துக்குறியீடுகளையும் நியமமாக அறிவித்தது. எந்த விரல் எந்த எழுத்தை அழுத்தவேண்டும், எந்த எழுத்துக்குக் கணினியின் உள்ளே எந்த எண் என்பன ஒரு மொழியின் எழுத்து வாழ்வையே ஒழுங்குபடுத்தும் முடிவுகள். குறியீடுகள் பின்னர் யூனிகோட்டுக்கு இடங்கொடுத்து ஒதுங்கின. அவ்விசைப்பலகை இன்றும் கைத்தொலைபேசிகளில் இருக்கின்றது. இத்தகைய முடிவுகள் கருக்கொள்ளும் அவையில் யார் இருந்தார், யார் இல்லை என்பது ஆசாரக் கேள்வியன்று. இருப்பவர் குரல் நியமமாகின்றது. இல்லாதவர் அந்நியமத்தைப் பிற்காலத்தில் மனப்பாடஞ் செய்கின்றார்.

1999 பெப்ரவரியில் நம் நிலை என்ன? ஏ9 நெடுஞ்சாலை மூடிக் கிடந்தது. 2002 ஏப்பிரலிலேதான் அது திறந்தது. குடாநாட்டை விட்டு வெளியேற இராணுவ அனுமதி வேண்டும். அனுமதி கிடைத்த பின் கப்பலிலோ விமானத்திலோ இடம் வேண்டும். இடம் கிடைத்துக் கொழும்பு சேர்ந்தபின் வீசா வேண்டும். சென்னையில் ஒரு சதமும் கேளாமற் கதவைத் திறந்து வைத்திருப்பினும் நெடுந்தீவிலிருந்து ஓர் ஆசிரியர் அங்குப் போய்ச் சேர்ந்திருப்பார் என்று எண்ண இடமில்லை. வாசற் கட்டணத்தைப் பற்றிய விவாதம் அவரைப் பொறுத்தவரை பொருளற்றது. அவருக்குரிய கட்டணம் வாசலுக்கு எண்ணூறு கல் முன்பாகவே வசூலிக்கப்பட்டுவிட்டது.

இதே தீவகத்தின் கரம்பொனில் 1913இற் பிறந்தவர் தனிநாயகம் அடிகள். 1964இல் டில்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தைத் தோற்றுவிக்க முன்னின்றவரும், 1966இல் அதன் முதல் மாநாட்டைக் கோலாலம்பூரிற் கூட்டியவரும் அவரே. நான்காவது மாநாடு 1974 ஜனவரியில் யாழ்ப்பாணத்தில் நடந்தது. அதனைக் கொழும்பில் நடத்தவேண்டும் என்று அன்றைய அரசாங்கம் விரும்பியது; பேராசிரியர் சு. வித்தியானந்தன் தலைமையில் அது யாழ்ப்பாணத்திலேயே நடந்தேறியது. ஊர் மக்கள் பணமும் உழைப்பும் கொடுத்தனர். அறிஞர்க்குரிய ஆய்வரங்கு ஒருபுறம். அலங்கார ஊர்திகளும் பொதுமக்கள் வெள்ளமும் மறுபுறம். இறுதி நாளில் வீரசிங்கம் மண்டபம் கொள்ளாத கூட்டம் வெளியே திரண்டது. கட்டுரை படிக்கத் தகுதி பெறாதவர்கள், எந்தப் பதிவேட்டிலும் பெயரில்லாதவர்கள், மாநாடு தமதே என்று எண்ணி வந்தவர்கள் அவர்கள். பொலிசாரின் நடவடிக்கையில் அன்றிரவு பலியான உயிர்களை இந்நாடு மறக்கவில்லை. அந்தக் கொடுமையின் அரசியலை விரிப்பது இங்கு என் நோக்கமன்று. நான் சுட்ட விரும்புவது வேறு. மண்டபத்துக்குள் அமர்ந்தவர் சில நூற்றுவர். அம்மாநாட்டைத் தமது என்று கருதியவரோ பல்லாயிரவர். எந்த அறிவு மாநாட்டுக்கும் இந்த இரண்டு கூட்டங்கள் உண்டு. பதிவு விதிகளை எழுதுபவர் முதற் கூட்டத்தை எண்ணி எழுதுகின்றார். இரண்டாவது கூட்டம் அவர் தாளிலே தோன்றுவதில்லை.

இனி, உலகிற் பிறர் இவ்வினாவுக்குக் கண்ட விடைகளைப் பார்ப்போம்.

பெல்ஜியத்தின் தலைநகரான பிரசெல்ஸில் ஆண்டுதோறும் குளிர்காலத்தில் இரண்டு நாள் கூடும் ‘ஃபொஸ்டெம்’ என்னும் கட்டற்ற மென்பொருள் மாநாட்டுக்குக் கட்டணமும் இல்லை, பதிவும் இல்லை. 2001இல் தொடங்கிய அம்மாநாட்டைத் தொண்டர்களே நடத்துகின்றனர். பல்கலைக்கழக வளாகத்துள் எவரும் நடந்து போகலாம், பெயர் கேட்பாரில்லை. ஆயிரக்கணக்கானோர் வருகின்றனர். மேலெழுந்தவாரியாகப் பார்க்கும்போது இதைவிடச் சமத்துவமான வாசல் ஏது? ஆனால் இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவன் அந்தத் திறந்த வாசலை அடைய வீசா பெறவேண்டும். 2024 யூன் முதல் அதற்குரிய கட்டணம் 90 யூரோ. மறுக்கப்பட்டாலும் அப்பணம் திரும்பாது. வங்கிக் கணக்கின் இருப்பைக் காட்டவேண்டும். திரும்பி வருவேன் என்பதற்குச் சான்று காட்டவேண்டும். விமானச் சீட்டின் விலையை நான் சொல்லவேண்டியதில்லை. பெயர் கேளாத வாசலுக்கு முன்னால், பெயரையும் பரம்பரையையும் சம்பளத்தையும் கேட்கும் இன்னொரு வாசல் நிற்கின்றது. முன்னதைத் திறந்த தொண்டர்களுக்குப் பின்னதன் மீது அதிகாரமில்லை, குறை அவர்களுடையதன்று. எனினும், ‘அனைவர்க்கும் இலவசம்’ என்று எழுதும்போது அந்த ‘அனைவர்’ யாவர் என்னும் கேள்வி நீங்காது நிற்கின்றது.

இரண்டாவது விடை அமெரிக்காவின் ‘பைகொன்’ மாநாட்டினுடையது. 2003இல் தொடங்கிய அம்மாநாடு நெடுங்காலம் ‘எல்லாரும் கொடுப்பர்’ என்ற கொள்கையைக் கைக்கொண்டிருந்தது. பேச்சாளரும் கட்டணஞ் செலுத்தினர். அமைப்பாளரும் தொண்டரும் செலுத்தினர். இயலாதார்க்கு உதவிநிதி தனியே இருந்தது. இந்தக் கொள்கையில் எனக்கு ஒருவகை மதிப்பு உண்டு என்பதை மறைக்கமாட்டேன். நம் ஊர் விழாக்களில் இலவசமாக நுழைபவர் யார்? கொடுக்க வல்லவரே. பிரதம விருந்தினருக்கு மாலையும் முன்வரிசை மெத்தைக் கதிரையும் குளிர்பானமும். பின்வாங்கிலில் இருப்பவனுக்கு நன்கொடைச் சீட்டு. பிரமுகர் சீட்டு வாங்காமல் வருவதே பிரமுகர் என்பதற்கு அடையாளமாகிவிட்ட நாட்டில், தலைவரும் தன் பங்கைச் செலுத்திவிட்டு வரிசையில் நிற்பது ஒரு சிறு புரட்சி எனலாம்.

ஆயினும் அக்கொள்கை தத்துவக் குறை ஒன்றைச் சுமந்து நிற்கின்றது. 1875இற் கோதாத் திட்டத்தை விமர்சித்தபோது கார்ல் மார்க்ஸ் இதனை நன்கு காட்டியுள்ளார்: சமனற்ற மனிதர்மேல் ஒரே அளவுகோலை வைக்கும் உரிமை, சமத்துவத்தின் பெயரால் சமனின்மையையே விளைவிக்கும். ஒரே தொகை ஒருவனுக்கு ஒரு மணிநேரச் சம்பளம். மற்றவனுக்கு ஒரு மாத அரிசி. டொலரிற் குறிக்கப்பட்ட கட்டணத்தின் கூத்தை 2022இல் நாம் நேரிற் கண்டோம். அவ்வாண்டு தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாயிருந்த டொலர் சில மாதங்களுள் 350ஐத் தாண்டிற்று. கட்டணம் மாறவில்லை, கட்டணம் செலுத்துபவன் நிற்கும் தரைதான் கீழே போயிற்று. மாநாட்டுக் குழுவினர் எவரும் தீங்கு செய்யவில்லை. ஆயினும் இலங்கையர் ஒருவருக்கு அந்த வாசல் முக்காற்பங்கு உயர்ந்துவிட்டது.

மூன்றாவது விடை எனக்கு அண்மையானது. 1993இல் தொடங்கிய டெபியன் என்னும் கட்டற்ற மென்பொருட் கூட்டுமுயற்சியின் தொண்டர்கள் 2000ஆம் ஆண்டு தொட்டு ஆண்டு மாநாடு நடத்தி வருகின்றனர். 2023 செப்ரெம்பரில் அது கேரளத்தின் கொச்சியில் நடந்தது. அங்குப் பதிவு மூன்று வகை. அடிப்படைப் பதிவுக்குக் கட்டணமில்லை. தொழில்முறையாக வருவோர் ஒரு தொகையும், நிறுவனத்தின் செலவில் வருவோர் அதனினும் கூடிய தொகையும் செலுத்துவர். தான் எந்த வகை என்பதை வருபவரே சொல்கின்றார், சான்றிதழ் கேட்பாரில்லை. உணவுக்கும் தங்குமிடத்துக்கும் பயணத்துக்கும் உதவி வேண்டுவோர் தனியே விண்ணப்பிக்கலாம். அவ்விண்ணப்பத்தில், உதவியின்றேல் வரவே இயலாதா, வருந்தித்தான் வரவேண்டுமா, அல்லது சிறு இடையூறு மாத்திரமா எனத் தன் தேவையின் அளவைத் தானே கூறும்படி கேட்கின்றனர். பொய் சொல்ல இடமுண்டு என்பீர்கள். உண்டுதான். ஆயினும் மனிதன் சொல்லை முதலில் நம்பிவிட்டுப் பிறகு கணக்குப் பார்க்கும் முறை இது. நம்மிடம் வழங்குவதோ இதற்கு நேர்மாறானது.

நம் நாட்டில் வறியவன் தன் வறுமையை நிறுவுவதற்குச் செலவிடும் நேரத்தை யாரும் கணக்கிட்டதில்லை. கிராம அலுவலரின் கடிதம், அதில் பிரதேச செயலகத்தின் மேலொப்பம், பாடசாலை அதிபரின் சான்று, குடும்ப அட்டையின் பிரதி, பிரதியின் உண்மையை உறுதிப்படுத்த இன்னொருவர் ஒப்பம். 2023இல் அஸ்வெசும நலன்புரித் திட்டம் வந்தபோது, பட்டியலில் இடம் பெறாதோர் மேன்முறையீட்டுப் படிவங்களோடு செயலக வாசல்களிற் காத்து நின்ற காட்சியைக் கண்டோம். அரசுக்குப் பல இலட்சம் பேரைப் பிரித்தறிய வேண்டிய தேவை உண்டு என்று வாதிடலாம். முந்நூறு பேர் கூடும் ஒரு மாநாட்டுக்கு அந்தத் தேவை என்ன? ஒரு தொழினுட்பக் கூட்டத்தின் பதிவுப் படிவத்தை என் உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி என்னிடம் கொணர்ந்தாள். கூட்டத்தின் பெயர் இங்கு வேண்டாம். மாணவர்க்குச் சலுகை என்று போட்டிருந்தது. பல்கலைக்கழக அடையாள அட்டை இணைக்கப்படல் வேண்டும் என்றும் போட்டிருந்தது. பாடசாலை மாணவி மாணவியல்லள்! சலுகை கோருவோர் தம் பொருளாதார நிலையை விளக்கி 200 சொற்களில் எழுதவும் வேண்டும். ‘சேர், என்ன எழுதுறது? அப்பா கடலுக்குப் போறவர் எண்டு எழுதினாக் காணுமோ?’ என்று கேட்டாள். மீதி 197 சொற்களில் அவள் எதனை எழுதவேண்டும் என்று அக்குழு எதிர்பார்த்தது என்பது எனக்கு விளங்கவில்லை. கெஞ்சலின் இலக்கணத்தைப் பயிற்றுவது தமிழாசிரியன் கடமைகளுள் ஒன்று என நான் கருதவில்லை.

அதே படிவத்தில் இன்னொரு விதியும் இருந்தது. முந்திப் பதிவோர்க்குக் கட்டணக் குறைப்பு. இது எங்கும் வழங்குவது. தீங்கற்றதென்றே பலரும் கருதுவர். அமைப்பாளருக்கு முற்பணம் தேவை, ஆதலால் முந்துபவனுக்கு நன்றி கூறுகின்றார் என்பது அதன் நியாயம். ஆயின் முந்துபவன் யார்? செய்தியை முதலில் அறிபவன், மாதச் சம்பளக்காரன், வங்கி அட்டை உள்ளவன், மூன்று மாதத்துக்குப் பின் தான் எங்கே இருப்பேன் என்பதை இன்றே சொல்ல வல்லவன். கடற்றொழிலாளி வீட்டிற் பணம் கடல் தரும்போது வரும். வாடைக்காற்று எழுந்துவிட்டால் வள்ளம் கரையில் கிடக்கும். பருவம் மாறிப் பணம் கைக்கு வரும்போது, ‘முந்திய பதிவு’ முடிந்து ‘பிந்திய பதிவு’ தொடங்கியிருக்கும். ஆக, ஒரே கதிரைக்கு வசதியுள்ளவன் குறைத்துக் கொடுக்கின்றான். வசதியற்றவன் கூட்டிக் கொடுக்கின்றான். சங்கக்கடையில் அரிசியை மொத்தமாக வாங்க இயலாதவன் சில்லறையாக வாங்கிக் கூடிய விலை கொடுப்பது போன்றதே இது. தொண்டர்களின் நல்லெண்ணத்துக்குள்ளே சந்தையின் விதி எவ்வளவு அமைதியாக நுழைந்து அமர்ந்திருக்கின்றது என்று பாருங்கள்.

அங்ஙனமாயின் கட்டணத்தை அடியோடு நீக்கிவிடுவதே வழியல்லவா என்பீர்கள். இங்குதான் நான் இளைஞரோடு மாறுபடுகின்றேன்.

நெடுந்தீவுப் பிள்ளையொருத்தி யாழ்நகரிற் காலை எட்டரைக்குத் தொடங்கும் மாநாட்டுக்கு எவ்வாறு வருவாள்? நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவான் இறங்குதுறைக்கு ஏறத்தாழ ஒரு மணிநேரக் கடற்பயணம். அங்கிருந்து புங்குடுதீவு, வேலணை, பண்ணை வழியாக நகருக்கு ஏறத்தாழ 30 கிலோமீற்றர் பஸ் பயணம். முதற் படகைப் பிடித்தாலும் தொடக்க அமர்வு தவறும். மாலை அமர்வு முடியும்வரை இருந்தாற் கடைசிப் படகு தவறும். எனவே முதல்நாளே வந்து, இரண்டு இரவு நகரில் தங்கவேண்டும். உறவினர் வீடு இல்லையேல் தங்குமிடத்துக்குப் பணம். பெண்பிள்ளை தனியே வர வீட்டார் விடார். தாயோ தமையனோ கூட வரவேண்டும். அவருக்கும் உணவு, அவருக்கும் அன்றைய கூலியிழப்பு. இத்தனைக்கும் முன்னால் வாசற் கட்டணமாகிய ஆயிரம் ரூபா மிகச் சிறிய வரி. அதனை நீக்கி ‘இலவசம்’ என்று பெரிய எழுத்தில் எழுதினால் அவளுக்கு ஆயிரம் மிஞ்சும். ஆனால் அவள் வரமாட்டாள். வருபவர் யார்? நல்லூரிலும் கொக்குவிலிலும் திருநெல்வேலியிலும் இருந்து மோட்டார் சைக்கிளிற் பத்து நிமிடத்தில் வரக்கூடியவர். ஆயிரம் ரூபாவைக் கொடுத்தும் வந்திருக்கக்கூடியவர். கட்டண நீக்கம் பெரும்பாலும் அண்மையில் இருப்பவனுக்கு அளிக்கப்படும் மானியம். தொலைவில் இருப்பவனுடைய பெயரால் அது அளிக்கப்படுகின்றது என்பதே அதிலுள்ள வேடிக்கை.

மணிமேகலைக் காப்பியத்தில் இதற்கொரு கதை உண்டு. அக்காப்பியம் கூறும் மணிபல்லவம் நம் நயினாதீவே என்பாரும் உளர், மறுப்பாரும் உளர். அந்த வழக்கு இங்கு வேண்டாம். ஆபுத்திரன் கையில் அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி இருந்தது. நாட்டில் மழை பெய்து வளம் பெருகியபோது அவனிடம் உண்ண வருவார் இல்லாமற் போயினர். பசியுள்ள நாட்டைத் தேடிக் கப்பலேறினான். இடையில் மணிபல்லவத்தில் இறங்கியபோது கப்பல் அவனை விட்டுப் போயிற்று. ஆளற்ற தீவில், அமுதசுரபியோடு, ஊட்டுவதற்கு எவருமின்றி நின்றான். பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு உண்ணாதிருந்து உயிர் துறந்தான். குறையாத உணவும் இருந்தது, கொடுக்கும் மனமும் இருந்தது, விலை கேட்கும் வாயும் இல்லை; கப்பல் மாத்திரம் இல்லை. இலவசத்தின் முழு வறுமையையும் இதனைவிடத் தெளிவாகக் காட்டும் கதையை நான் அறியேன். பின்னர் அப்பாத்திரத்தைப் பெற்ற மணிமேகலை என்ன செய்தாள்? பொய்கைக் கரையிலிருந்து, வருவோர் வருக என்று அழைக்கவில்லை. புகாருக்கு எடுத்துச் சென்றாள், சிறைக்கோட்டத்துள் எடுத்துச் சென்றாள், பஞ்சம் வந்த காஞ்சிக்கும் எடுத்துச் சென்றாள். பௌத்த அறத்தைப் போதிக்க எழுந்த நூலாயினும், பங்கீடு பற்றிய அதன் அறிவு நம் பொருளியற் பாடநூல்கள் சிலவற்றைவிட முதிர்ந்தது.

கட்டணமின்மைக்கு இன்னொரு இடரும் உண்டு. பொருளாளர்கள் அதனை நன்கறிவர். இலவசமாகப் பெயர் கொடுத்தவருட் கணிசமானோர் வரமாட்டார். சமைத்த சோறு மிஞ்சும். இடமில்லையென்று திருப்பப்பட்டவனின் கதிரை வெறுமையாய்க் கிடக்கும். இதற்கு மருந்தாகச் சிறு தொகை வாங்கலாம் என்பர். அதிலும் அவதானம் வேண்டும். இஸ்ரவேலின் ஹைபா நகரில், பிள்ளைகளைப் பிந்தி வந்து அழைத்துச் செல்லும் பெற்றோருக்குச் சில பகற்பராமரிப்பு நிலையங்கள் தண்டம் விதித்துப் பார்த்தன. 2000ஆம் ஆண்டில் வெளியான அந்த ஆய்வின்படி தண்டம் வந்தபின் பிந்துவோர் தொகை கூடிற்றேயன்றிக் குறையவில்லை. ஆசிரியையைக் காக்க வைக்கின்றோமே என்ற கூச்சம் முன்பு இருந்தது. தண்டம் அதனை விலையாக மாற்றிவிட்டது. விலை கொடுத்தவனுக்குக் கூச்சமில்லை. கட்டணம் செலுத்திவிட்டு வராதிருப்பவனும் இதையே சொல்வான்: என் காசு, என் விருப்பம். அவன் காசு சமைத்தவளின் விடியற்காலையை ஈடுசெய்யாது.

சமைத்தவளைப் பற்றிச் சொன்னேன். தொண்டரைப் பற்றியும் சொல்லவேண்டும். தொண்டர் நடத்தும் மாநாடு என்றதும் நம் மனத்தில் ஒரு தூய்மை தோன்றுகின்றது. வடபகுதிப் பாடசாலைகளில் ‘தொண்டர் ஆசிரியர்’ என்றொரு பிரிவினர் இருந்தமையை நாம் மறந்துவிடலாகாது. போர்க்காலத்தில் நியமனம் பெற்ற ஆசிரியர் செல்லத் தயங்கிய ஊர்களிலும் தீவுகளிலும் ஊதியமின்றியோ சொற்பப் படி பெற்றோ கற்பித்தவர்கள் அவர்கள். பின்னர் நிரந்தர நியமனம் கோரி ஆண்டுக்கணக்கில் போராடினர். அவர்களுக்குத் தொண்டு என்பது தெரிவன்று; வேறு வழியின்மையின் மரியாதையான பெயர். மாநாட்டு மேசையிற் பெயர்ப்பட்டி கொடுக்கும் இளைஞனும், ஒலிவாங்கியைச் சுமக்கும் இளைஞனும் சிலவேளை அந்த நிலையினரே. வேலை தேடும் பட்டதாரி, அங்கு வரும் நிறுவனத்தார் கண்ணிற் படலாமென்ற நம்பிக்கையில் மூன்று நாள் உழைக்கின்றான். தொண்டு செய்வதற்கும் கொஞ்சம் வசதி வேண்டும். வசதியில்லாதவன் தொண்டு செய்தால் அதற்கு வேறு பெயர் இருக்கவேண்டும். அவனுக்குப் பயணச் செலவும் உணவும் கொடுக்காத மாநாடு, தன் நுழைவுச்சீட்டை எவ்வளவு மலிவாக்கினாலும், அம்மலிவை அவன் முதுகிலிருந்தே எடுத்துக்கொண்டது.

நிறுவனங்களின் அனுசரணையால் எல்லாவற்றையும் ஈடுசெய்யலாமே என்பார்க்கு விடை குறுகியது. அனுசரணையாளர் பணத்துக்குப் பதிலாக மேடைத் திரையில் தம் பெயரைக் கேட்பர், அது போகட்டும். சிலர் வருவோரின் பட்டியலையும் கேட்பர். பெயர், அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி, தொழில், படிப்பு. கட்டணமில்லாத வாசலில் நாம் நம்மையே செலுத்துகின்றோம். 2022இன் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஏட்டில் உண்டு. ஆனால் சட்டத்துக்கு முன்பே, அடையாள அட்டையை நீட்டிக் காவலரண்களைக் கடந்து வளர்ந்த ஒரு தலைமுறைக்கு, அறிவரங்கின் வாசலிலும் அதனையே நீட்டச் சொல்வது எத்தகையது என்று அமைப்பாளர் ஒரு கணம் எண்ணிப் பார்த்திருக்கலாம். பசித்தவன் எத்தனை பேர் என்பதை அறிய அவன் அடையாள இலக்கம் வேண்டியதில்லை. காசு கேளாத வாசல்கள் எல்லாம் திறந்த வாசல்கள் அல்ல என்பதை யாழ்ப்பாணத்தவருக்கு நான் சொல்லவும் வேண்டுமா? 1968இல் மாவிட்டபுரத்தில் வழிபட வந்தோர் மறிக்கப்பட்டது சீட்டு வாங்காமைக்காகவா? கோவிலுக்குக் கட்டணமே இல்லை. நீ யார் என்ற கேள்விதான் அங்குக் கட்டணமாயிருந்தது.

ஆகவே என் கட்சி இது: கட்டணம் இருக்கட்டும். உழைத்துச் சம்பாதிப்பவன் தன் பங்கைக் கொடுக்கட்டும். நிறுவனம் அனுப்பி வருபவன் இரட்டிப்பாகக் கொடுக்கட்டும். தலைவரும் பேச்சாளரும் வரிசையில் நின்று கொடுக்கட்டும். இயலாதவன் ‘இயலாது’ என்ற ஒரு சொல்லோடு நுழையட்டும். நம் வாசிகசாலைகள் இம்முறையில்தான் வாழ்ந்தன. மேசையிற் கிடக்கும் பத்திரிகையை எவனும் வந்து வாசிக்கலாம். புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோக விரும்புபவன் சந்தா கட்டுவான். சந்தா கட்டியவனின் காசிலேதான் கட்டாதவன் உலகச் செய்தியை அறிந்தான். அதற்காக அவன் எவருக்கும் விண்ணப்பம் எழுதவில்லை, நன்றி கூறவுமில்லை. சந்தாக்காரனும் அவனைத் தன் விருந்தாளியாக எண்ணவில்லை.

வாசலிற் சேரும் அந்தப் பணம் எங்கே போகவேண்டும் என்பதே எஞ்சியிருக்கும் கேள்வி. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். முந்நூறு பேர் வரும் மாநாட்டில் இருநூறு பேர் ஆளுக்கு 1,500 ரூபா செலுத்துவதாக வைத்துக்கொள்வோம், மூன்று இலட்சம். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு ஆகிய இடங்களிலிருந்து இருபது பிள்ளைகள், துணையாக வருவோர் இருபது பேர். ஆளுக்குப் பயணமும் இரண்டு இரவுத் தங்கலும் உணவுமாக 5,000 ரூபா என்றால் இரண்டு இலட்சம். எஞ்சிய ஓர் இலட்சத்தில் மண்டபம் அமையுமா? அமையாது. அழகிய பையும் பேனையும் அச்சிட்ட சட்டையும் வேண்டாமென்று விட்டு, பாடசாலை மண்டபமொன்றை விடுமுறை நாளிற் பெற்று, சோற்றை ஊரார் சமைத்தால் அமையக்கூடும். பை இல்லாத மாநாடு மாநாடாகுமா என்று சிலர் மனம் நோகலாம். நோகட்டும்.

நான் இதனை ஓர் அமைப்பாளரிடம் கூறியபோது, ‘நாங்கள் நேரடி ஒளிபரப்புச் செய்கிறோமே, தீவிலிருந்தபடியே பார்க்கலாமே மாஸ்ரர்’ என்றார். நல்லதே, செய்யட்டும். ஆனால் திரையில் பார்ப்பவள் கைதூக்க இயலாது. தேநீர் இடைவேளையில் பிறக்கும் நட்பு திரைக்கு வராது. முடிவுகள் பெரும்பாலும் அந்தத் தேநீரோடுதான் எடுக்கப்படுகின்றன என்பது மாநாடு பல கண்ட அவருக்குத் தெரியாததன்று. தமிழில் எழுதும் இயந்திரங்கள் இன்று பெருகிவருகின்றன. அவற்றுக்கு எந்தத் தமிழைக் கற்பிப்பது, எவருடைய பேச்சைப் பதிவு செய்து ஊட்டுவது என்னும் முடிவுகள் இனிவரும் அவைகளில் எடுக்கப்படும். நெடுந்தீவின் கடற்சொற்களை அறிந்தவர் அங்கு ஒருவரேனும் அமர்ந்திருத்தல் வேண்டும். கேட்பதற்காக மட்டுமன்றி, மறுப்பதற்காகவும்.

திகதி குறிக்கும் குழுவினருக்கு ஒரு வேண்டுகோள். மண்டபம் ஓய்வாயிருக்கும் நாளை மட்டும் பாராதீர்கள். மாரிக்காலத்திற் கடல் பெருத்தால் நெடுந்தீவுப் படகு விடமாட்டார்கள். அந்த மாதங்களைத் தவிருங்கள். இறுதி அமர்வை எப்போது முடிப்பது என்று தீர்மானிக்கு முன் குறிகட்டுவானுக்கு ஒருவரை அனுப்பிக் கடைசிப் படகின் நேரத்தைக் கேட்டறியுங்கள். அதற்குள் முடிக்க இயலாதாயின், இரவுத் தங்கலுக்கான தொகையை வரவுசெலவுத் தாளின் முதல் வரியில், மண்டப வாடகைக்கும் மேலே, எழுதிவிடுங்கள்.